புதிய ரிவால்வரில் ஆடும் குறிமுள்: பசை பாட்டிலைத் திறக்கும் முன்

கேள்வி: உரிமம் பெற்று, நான்கு அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். முதல் நாள் 50 தோட்டாக்கள் சுட்டேன். ஆரம்பத்தில் ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் போகப்போக இடமும் வலமுமாக விலகின. வீட்டில் துடைக்கும்போதுதான், குழல் நுனியில் குறிபார்க்க உதவும் குறிமுள் (ஃப்ரண்ட் சைட்) விரல் பட்டால் ஆடுவதைக் கவனித்தேன். அதன் அடியில் குறுக்காக ஓர் ஆணி ஓடுகிறது. சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். ஆணியைத் தட்டி இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். கடையில் திருப்பிக் கொடுத்தால் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டுமோ என்று தயக்கமாக இருக்கிறது. நானே சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் இருவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு யோசனைகளையும் தள்ளிவையுங்கள். சூப்பர் குளூ இந்த வேலைக்கு உதவாது. ஆணியைத் தட்டுவது, உங்கள் துப்பாக்கியில் உள்ள கோளாறுக்குப் பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத மருந்து. ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, அதன் ஒவ்வொரு துளையையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். இந்தப் பரிசோதனை முழுவதும் குழல் வாய் முகத்தருகே வரப்போகிறது, விரல்கள் அதன் மீதே இருக்கப்போகின்றன. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. நடுவில் எழுந்துபோய்த் திரும்பி வந்தால், மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள்.

இப்போது குறிமுள்ளின் அமைப்பைக் கவனிப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது மிகவும் பரவலான வகை. குழலின் மேல் சரிவான ஒரு மேடை இருக்கிறது. அந்த மேடையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. தகடு போன்ற குறிமுள் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்கிறது. மேடையையும் தகட்டையும் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி குறுக்கே போகிறது. பார்ப்பவருக்கு அந்த ஆணிதான் எல்லாவற்றையும் தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் அதன் வேலை, தகடு மேலே எழும்பாமலும் முன்பின் நகராமலும் பிடித்துவைப்பது மட்டும்தான். இடவலமாக ஆடாமல் பார்த்துக்கொள்வது பள்ளத்தின் இரண்டு சுவர்கள். பள்ளம் ஓர் இழை அகலமாகிவிட்டாலோ தகடு ஓர் இழை மெலிந்துவிட்டாலோ, எவ்வளவு இறுக்கமான ஆணியைப் போட்டாலும் தகடு அந்த ஆணியின் மீதே பக்கவாட்டில் சாய்ந்தாடும்.

ஆகவே எதையும் இறுக்குவதற்கு முன், எது ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். விரல் நகத்தால் தகட்டின் உச்சியை இடமும் வலமும் மெதுவாகத் தள்ளுங்கள். கண் தகட்டின் உச்சியில் இருக்கக் கூடாது, அடியில் தகடும் பள்ளச் சுவரும் சந்திக்கும் கோட்டில் இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் தகடு அசையும்போது அது உள்ளே போய் வெளியே வருவது பளிச்சென்று தெரியும். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயை வேண்டுமென்றே விட்டும் பார்க்கலாம். மிக நம்பகமான சோதனை இதுதான். அடுத்து, தகட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு மேல் நோக்கி இழுங்கள். இந்த இரண்டிலும் அசைந்தால் ஆணியோ ஆணியின் துளையோ தளர்ந்திருக்கிறது. ஆணியின் முனையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கறை வளையமாகப் படிந்திருந்தால் அதுவும் அதே செய்திதான்: உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது.

சுடும்போது துப்பாக்கி பின்னுக்கும் மேலுக்கும் பாய்கிறது. குறிமுள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் ஆணி வாங்கிக்கொள்கிறது. .357 போன்ற வலுவான தோட்டாவில் ஒவ்வொரு முறையும் துளையின் ஓரத்தில் ஒரு சிறு சம்மட்டி அடி விழுவதற்குச் சமம். வட்டமான துளை காலப்போக்கில் நீள்வட்டமாகும். எனவே ஆட்டம் தெரிந்த பிறகும் ‘இன்னும் ஒரு பெட்டி சுட்டுப் பார்ப்போம்’ என்று தொடராதீர்கள். இன்றைக்குச் சுலபமாக முடியும் வேலை நாளைக்குத் துளையைப் பெரிதாக்கிப் புதிய ஆணி போடும் வேலையாகிவிடும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். குறிமுள் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது, ஆனால் தள்ளினால் கொஞ்சமும் அசையவில்லை என்றால், அது தளர்ச்சி அல்ல. குழலைத் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் திருகும்போது சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ திருகியிருக்கிறார்கள். அதைக் குறிமுள்ளில் சரிசெய்ய முயல்வது வீண். அது தயாரிப்பாளரே குழலைச் சரியாகத் திருப்பிப் பொருத்த வேண்டிய குறை.

சரி, இந்த ஆட்டம் உங்கள் குண்டுகளை எவ்வளவு விலக்கும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலர் எல்லாப் பழியையும் குறிமுள்ளின் மீதே போட்டுவிடுகிறார்கள். நான்கு அங்குலக் குழல் ரிவால்வரில் முன் குறிமுள்ளுக்கும் பின் காடிக்கும் (குறிபார்க்கும்போது குறிமுள்ளை நடுவில் வைத்துப் பார்க்கும் பின்புறப் பிளவு) இடையே ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் இருக்கும். குறிமுள் 0.1 மில்லிமீட்டர் இடம் மாறினால், 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் விலகும். 0.1 மில்லிமீட்டர் என்பது சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன். அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் விலகல் 83 மில்லிமீட்டர். திசை எப்போதும் எதிர்ப்பக்கம்: குறிமுள் வலப்பக்கம் சாய்ந்தால், அதைக் காடியின் நடுவில் கொண்டுவர நீங்கள் குழலை இடப்பக்கம் திருப்புவீர்கள், குண்டு இடப்பக்கம் விழும். எனவே உங்கள் இலக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். துளைகள் பக்கவாட்டில் மட்டும் பரவி, உயரத்தில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் குறிமுள்தான் குற்றவாளி. மேலும் கீழுமாகவும் சிதறியிருந்தால், அல்லது தாளளவு ஆட்டத்துக்கு ஓர் அடி அகலச் சிதறல் இருந்தால், வேறு காரணமும் இருக்கிறது. விசையை இழுக்கும் விரலையும் பிடியையும் சேர்த்துக் கவனியுங்கள். .357-இல் 50 தோட்டாக்கள் சுட்ட பிறகு கை சோர்வதும் கண் மூடிக்கொள்வதும் இயல்பு.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. நானாக இருந்தால் திருப்பிக் கொடுப்பேன். துப்பாக்கி புதியது. குறை உங்களால் வந்ததல்ல. பள்ளம் அகலமாக வெட்டப்பட்டதோ, தகடு மெலிந்ததோ, பொருத்தும்போது எண்ணெயைத் துடைக்காமல் விட்டதோ, எல்லாம் தொழிற்சாலையில் நடந்தவை. உத்தரவாதம் இதற்காகத்தான் இருக்கிறது. நீங்கள் ஆணியை வெளியே எடுத்த கணத்தில், ‘வாங்கியவர் கை வைத்துவிட்டார்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. சில வாரக் காத்திருப்புக்குப் பயந்து அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆட்டத்தைக் கைபேசியில் மிக அருகிலிருந்து படமெடுங்கள், இலக்குத் தாளையும் படமெடுங்கள், வாங்கிய ரசீதோடு விற்பனையாளருக்கு எழுதுங்கள். துப்பாக்கியை நீங்களாகவே பார்சலில் அனுப்பக் கூடாது. அதை எப்படி, யார் வழியாக அனுப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். பல இடங்களில் உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம்தான் போக முடியும். உதிரிப் பாகத்தைக் கழற்றி மாட்டுவதற்கே உரிமம் கேட்கும் நாடுகளும் உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளரே ‘சின்ன வேலை, நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று எழுத்தில் சொல்லிவிட்டால், சட்டமும் இடம் கொடுத்தால், வேலை இப்படிப் போகும்.

ஆணியின் இரு முனைகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை முழு வட்டமாக இருந்தால் அது திட ஆணி. நடுவில் ஓட்டையும் ஓரத்தில் ஒரு கீறலும் தெரிந்தால் அது சுருள் தகட்டு ஆணி, ரோல் பின் என்பார்கள். இரண்டுக்கும் பஞ்ச், அதாவது ஆணியைத் தட்டி வெளியேற்றும் கம்பி, வேறு. திட ஆணிக்கு ஆணியைவிட இம்மியளவு சிறிய தட்டை முனைப் பஞ்ச் போதும். ரோல் பின்னுக்கு நடுவில் சிறு குமிழ் உள்ள பஞ்ச் வேண்டும், இல்லாவிட்டால் முனை நசுங்கிப்போகும். சில தொழிற்சாலைகளில் ஆணியை மேடையோடு சேர்த்தே தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள், முனை கண்ணுக்கே தெரியாது. அப்படி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது பட்டறை வேலை.

துப்பாக்கியைத் தாங்குவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். சிலிண்டரை மூடி, மேடையின் பக்கவாட்டை நடுவில் துளையுள்ள நைலான் கட்டையின் மீது, ஆணி இறங்கும் இடம் துளைக்கு நேராக வரும்படி வையுங்கள். அடி விழும்போது அதை மேடையே தாங்க வேண்டும். திறந்த சிலிண்டர் ஒரு பக்கம் தொங்க, உடற்சட்டம் மறுபக்கம் தொங்க அடித்தால், சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். அப்புறம் ஆடும் குறிமுள் உங்கள் கவலைகளில் மிகச் சிறியதாகிவிடும். குழல் வாயின் விளிம்பை எங்கும் முட்டவிடாதீர்கள், குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது. பஞ்ச் நழுவினால் கீறாதிருக்க மேடையைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றுங்கள். சிறிய சுத்தியலால், பல மென்மையான தட்டல்களில் ஆணி நகர வேண்டும். நான்கைந்து தட்டலில் அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். திருப்பி மறுமுனையிலிருந்து முயலுங்கள். அப்போதும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தகடு வெளியே வந்ததும் அதன் பக்கங்களையும் பள்ளத்தையும் பாருங்கள். எங்கே உரசியிருக்கிறதோ அங்கே பளபளப்பாக இருக்கும். பள்ளம், தகடு, ஆணி, துளை எல்லாவற்றையும் அசிட்டோன் நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். குறிமுள்ளில் நிற ஒளியிழை இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அசிட்டோனும் திருகுப் பசையும் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் வகை என்றால் உள்ளே இருப்பது கண்ணாடிக் குப்பி. அதை அடிக்கவோ சூடாக்கவோ கூடாது.

ஒட்டுவதற்கு உரியது உலோகத்துக்கென்று செய்யப்பட்ட, காற்று படாத இடத்தில் இறுகும் பசை. திருகாணிகளுக்குப் பயன்படும் நீல நிற, நடுத்தர வலுவுள்ள லாக்டைட் 243 போன்றது இந்தத் தாளளவு இடைவெளிக்கு ஏற்றது. இடைவெளி அதைவிடப் பெரிதென்றால், தாங்கு உருளைகளைப் பொருத்தப் பயன்படும் கெட்டியான வகை வேண்டும். அது அதிக இடைவெளியை நிரப்பும், ஆனால் பின்னாளில் கழற்ற நிறையச் சூடு கேட்கும். சிவப்பு நிற வலுமிக்க பசையும் அப்படித்தான், ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் விடும். என்றாவது வேறு குறிமுள் மாற்ற நினைத்தால் வருந்துவீர்கள், அதனால் நீலத்திலேயே தொடங்குங்கள்.

பள்ளச் சுவர்களில் மெல்லிய பூச்சு. ஒழுக ஊற்றாதீர்கள். தகட்டை இறக்கி, துளைகளை நேராக்கி, ஆணியிலும் சிறிது தடவி, முன்பு எந்தப் பக்கமாக வந்ததோ அதே பக்கம் வழியாகத் திருப்பி அடியுங்கள். வழிந்ததைத் துடையுங்கள். இப்போது துப்பாக்கியைப் பின்னாலிருந்து பார்த்து, தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சில நிமிடங்களில்தான் அதைத் திருத்த முடியும். நேராக நிற்கும் நிலையில், தகட்டின் இருபுறமும் சமமான தாள் துண்டுகளைச் செருகி அசையாமல் நிறுத்தலாம். 24 மணி நேரம் தொடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுத் துப்பாக்கி என்றால் இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள், அந்த உலோகத்தில் இந்தப் பசை மெதுவாகவே இறுகும். கடைசியில் குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், உள்ளே ஒரு துளி கூட இருக்கக் கூடாது.

சூப்பர் குளூ ஏன் கூடாது என்றேன்? அது கண்ணாடி போல இறுகும், அதிர்ச்சியைத் தாங்காது, விரிசல் விட்டு உடைந்துவிடும். தொடர்ந்து சுட்டால் ரிவால்வர் குழல் கை வைக்க முடியாத அளவு சூடேறும், அந்தச் சூட்டிலும் அது வலுவிழக்கும். அதைவிட மோசம், முதல் சில குண்டுகளுக்கு அது பிடித்து நிற்கும். நீங்கள் சரியாகிவிட்டதென்று நம்புவீர்கள். பிறகு வரும் பழுதுபார்ப்பவர் அந்தத் தூளையெல்லாம் பள்ளத்திலிருந்து சுரண்டி எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

இதைவிட அபாயமானது, பள்ளச் சுவர்களைச் சுத்தியலால் அடித்து உள்நோக்கி நெருக்குவது, அல்லது வைஸ் என்னும் பிடிகருவியில் வைத்து நசுக்குவது. குழல் வாயருகே அந்த மேடைக்கும் குழலின் உட்துளைக்கும் நடுவே இருக்கும் எஃகு அதிகமில்லை. உள்ளே ஒரு சிறு மேடு விழுந்தால் அந்தக் குழல் இனி ஒருபோதும் நேராகச் சுடாது. வீட்டுத் துளைக்கருவியால் பெரிய ஆணிக்குத் துளையிடுவதும் அப்படியே. துளை நீள்வட்டமாகிவிட்டிருந்தால், அதை ரீமர் கொண்டு வட்டமாக்கி அளவு கூடிய ஆணி போடும் வேலையை, கருவியும் பழக்கமும் உள்ளவரிடம் கொடுங்கள்.

உங்களுடையது குறுக்கு ஆணி வகை என்று எடுத்துக்கொண்டேன். வேறு வகை என்றால் வைத்தியமும் வேறு. ரூகர் ஜிபி 100 போன்ற சிலவற்றில் குறிமுள்ளை ஒரு ஸ்பிரிங் முளைதான் பிடித்திருக்கிறது, முளையை அழுத்தினால் தகடு கழன்று வரும். அதில் விரலுக்குச் சிறு அசைவு தெரிந்தாலும், விட்டவுடன் அதே இடத்துக்குத் திரும்பினால் கவலையில்லை. திரும்பாவிட்டால் முளைக்குப் பின்னால் அழுக்கு சேர்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இந்த வகையில் பசை தொடவே கூடாது. 2020-இல் மீண்டும் வந்த கோல்ட் பைத்தானில் ஒரு சிறு திருகாணி பிடித்திருக்கிறது. அங்கே திருகாணியைக் கழற்றி, எண்ணெய் நீக்கி, நீலப் பசை ஒரு பொட்டு வைத்து, சரியான அளவு ஆலன் கீயால் விரல் பலத்தில் இறுக்கினால் முடிந்தது. அளவு கொஞ்சம் தப்பிய கீயால் பலமாகத் திருகினால் தலை மழுங்கிவிடும். பக்கவாட்டில் நகர்த்திப் பொருத்தும், புறா வால் வடிவ டவ்டெயில் காடி வகை தளர்ந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். மேடையே குழலிலிருந்து விட்டு அசைந்தால், அது வெள்ளிப் பற்று (மேடையைக் குழலோடு உருக்கி ஒட்டிய உலோக இணைப்பு) விட்டுப்போனதன் அடையாளம். சுடுவதை நிறுத்தி, அப்படியே தயாரிப்பாளரிடம் கொடுங்கள்.

எந்த வழியில் சரியானாலும், தகட்டின் அடியிலிருந்து மேடை வரை வெள்ளைப் பெயின்ட்டால் மயிரிழை அளவு ஒரு கோடு போடுங்கள். மணல் மூட்டையில் கையைத் தாங்கி, முதலில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களால் சுடுங்கள். உங்கள் துப்பாக்கியில் அதுவும் பொருந்தும், உதை குறைவு. ஒவ்வொரு சிலிண்டர் முடிந்ததும் காலி செய்து கோட்டைப் பாருங்கள். கோடு உடையவில்லை என்று உறுதியான பிறகே மேக்னத்துக்குப் போங்கள். கோடு உடைந்தால் மறுபடியும் பசை பூசாதீர்கள். அளவே தவறாக வெட்டப்பட்ட பாகம் அது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கையோடு மற்றத் திருகாணிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறிமுள்ளைச் சரியாகப் பொருத்தாமல் அனுப்பிய இடத்தில், உடற்சட்டத்தின் பக்கத் தகட்டின் திருகாணிகளும், சுட்ட தோட்டா உறைகளை வெளியே தள்ளும் கம்பியும் இறுக்கமாக இருக்கும் என்று நான் நம்பிவிட மாட்டேன். அந்தக் கம்பி தளர்ந்தால் சிலிண்டர் திறக்காமல் சிக்கிக்கொள்ளும்.

முதல் நாள் குண்டுகள் விலகியபோது பின் காடியின் திருகாணியை இடமும் வலமும் திருகிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆடும் குறிமுள்ளுக்கு ஏற்ப வைத்த அந்த அளவு இப்போது பயனற்றது. குறிமுள் உறுதியான பிறகு, பின் காடியை முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பத்து மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டு நடுப்புள்ளி எங்கே விழுகிறதென்று பாருங்கள், பிறகு 25 மீட்டருக்குப் போய் அங்கே இறுதி அளவை வையுங்கள்.